டர்னிப்பின் தாளில் மூன்று பச்சைக் குறிகள்

எங்கள் டுலூத் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், லோரெட்டா கதை கட்டுகிறவள் இல்லை என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் பனியில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். கண்ணால் பார்க்காததைச் சொல்லிப் பழக்கமில்லை. போன ஜனவரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் ஒரு பொய் மட்டும் உண்டு. அது நான் சொன்ன பொய். அதையும் மறைக்கப் போவதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விலங்குகள் காப்பகத்தில் பூனைகளைப் பார்த்துக்கொள்கிறேன். முன்னறையில் குட்டிகளும் அழகான பூனைகளும் இருக்கும். பின்னறை என்னுடையது. யாரும் கேட்டு வராத பூனைகள் அங்கேதான். மூன்று கால் மேபல். தினம் இரண்டு ஊசி போட வேண்டிய ஓடிஸ். பதினேழு வயதுக் கிழவன் பிஷப். கடைசிக் கூண்டில் டர்னிப். சாம்பல் நிறம், பூசணிக்காய் மாதிரி தலை. நவம்பரில் ஒரு காலி வீட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். கை நீட்டியவர்களை எல்லாம் கடித்துக் குதறியது. என்னோடு வேலை செய்யும் ஜெரால்டுக்கு மட்டும் ஐந்து தையல்.

கூண்டுக்குக் கூண்டு ஒரு தாள் தொங்கும். பூனை கடிக்காமல் ஒரு நிமிடம் தொட விட்டால், அந்தத் தேதிக்கு நேராகப் பச்சைப் பேனாவால் ஒரு குறி, பக்கத்தில் நேரம். பெயர் எழுதுவதில்லை. இருப்பது நாலைந்து பேர், ஒருவரை ஒருவர் நம்புகிறோம். வெவ்வேறு நாளில் மூன்று குறி விழுந்தால் பூனை முன்னறைக்குப் போகலாம். டர்னிப்பின் தாளில் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை மருத்துவர் வருகிறார் என்று பொறுப்பாளர் வெர்னா சொல்லிவிட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது வலிக்காத ஊசி என்பார்கள்.

திங்கட்கிழமை மாலை 4.35. கூண்டின் முன் நாற்காலியைப் போட்டு நாளிதழை உரக்க வாசித்தேன். மனிதக் குரல் பழகட்டும் என்று நாங்கள் செய்வது அது. டர்னிப் சீறியது. மெதுவாக ஒரு விரலை நீட்டினேன். எலும்பு வரை கடி. எனக்கு வலியைவிட ஆத்திரம்தான் வந்தது. இன்னும் நாலே நாளில் இதைக் கொல்லப் போகிறார்கள், இதற்கு அது புரியவில்லையே என்று அழுதேன். பிறகு பச்சைப் பேனாவை எடுத்து ஒரு குறி போட்டேன். பக்கத்தில் 4.50 என்று எழுதினேன்.

சுத்தப் பொய்.

மறுநாள் போனபோது தாளில் இரண்டாவது குறி இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேராக, பச்சையில், 4.50 என்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 4.20தான்.

ஜெரால்டு துணி துவைக்கும் அறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஜெரால்டு, திருட்டு வேலையெல்லாம் பண்ற போலிருக்கு?"

"யாரு, நானா? தாளைப் பாத்தேன் லோரெட்டா. நான் வாயே திறக்க மாட்டேன், போ."

"மணியையாவது பாத்து எழுதக் கூடாதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கும் தெரியாது. சரியா?"

கண்ணடித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன். கடிபட்டும் மனசு இளகியிருக்கிறதே என்று அவன்மேல் பாசம்கூட வந்தது.

புதன்கிழமை குறி எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். டர்னிப்பின் காதுக்குப் பின்னால் ஒரு பெரிய சிக்கு இருந்தது. இங்கே வந்த பிறகு விழுந்தது. யாராலும் சீப்பு வைக்க முடியாததால் அப்படியே விட்டிருந்தோம். அது இப்போது இல்லை. பூட்டிய கூண்டுக்கு வெளியே, தரையில், சாம்பல் நிற முடி ஒரு சிறு உருண்டையாகக் கிடந்தது. பனிப்புயல் வருகிறது என்று 4.40க்கே கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை 4.20. மூன்றாவது குறி இருந்தது. அதே 4.50.

அன்று ஜெரால்டு வரவில்லை. கார் கிளம்பவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

4.44. ஜன்னல் இருட்டிவிட்டது.

4.47. மேபல் நொண்டிக்கொண்டே கூண்டின் மூலைக்குப் போய் ஒடுங்கினாள். பிறகு ஓடிஸ். இருந்த இடத்தைவிட்டு நகராத பிஷப்பும் எழுந்து போனான்.

4.49. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயில் எப்போதும் கேட்கும் டக்... டக்... நின்றது.

4.50.

டர்னிப் எழுந்தது. வால் நிமிர்ந்தது. குர்ர்ர்... குர்ர்ர்... அந்த ஒலியை அதனிடம் நான் கேட்டதே இல்லை.

அது என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தது.

அதன் தலையில் முடி அழுந்தியது. பிறகு கழுத்தில். பிறகு முதுகில்... வால் நுனிவரை.

கை இல்லை. கூண்டு பூட்டியிருந்தது.

மறுபடியும்... தலையிலிருந்து.

குர்ர்ர் நின்றது.

டர்னிப் இப்போது என்னைப் பார்த்தது.

என் உச்சந்தலையில் ஏதோ பட்டது...

மெல்ல... முடியை அழுத்திக்கொண்டு... பிடரிவரை.

ஒரே ஒரு தடவை.

கோட்டை அங்கேயே விட்டுவிட்டு, மைனஸ் இருபது டிகிரிக் குளிரில், காருக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலை வெர்னா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மருத்துவர் வாசலில் காத்திருந்தார்.

"மூணு குறியா? இந்த முரடனுக்கா? எல்லாம் நிஜந்தானே லோரெட்டா?"

உண்மையைச் சொன்னால் ஊசி. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பெரிய தலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நிஜந்தான்," என்றேன்.

வெர்னா கையை உள்ளே விட்டாள். டர்னிப் கடிக்கவில்லை. ஆடாமல் அசையாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டன் என்ற பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகள் பிரிட்டாவும் வந்து அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாடா, ஒரு உயிர் பிழைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஜெரால்டு என்னிடம், "ஆனாலும் உனக்குத் துணிச்சல்தான். மூணு குறியையும் நீயே போட்டுட்டியே," என்றான்.

நான் போட்டது ஒன்றுதான்.

அன்று நகராட்சியில் பூனை பிடிக்கும் கர்ட் வந்திருந்தான். டர்னிப்பைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"அந்தச் சாம்பல் பூனைய யாரோ எடுத்துக்கிட்டாங்களாமே? அதிசயந்தான். அந்த வீட்டுக்காரர் ஏப்ரல்லயே செத்துட்டார். அப்ப பூட்டின வீட்ட நவம்பர்லதான் திறந்தோம். ஏழு மாசம். உள்ள தீனி இல்ல, தண்ணியும் கட். பூனை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டைகூட இல்ல. ஆனா அது கொழுகொழுன்னு உக்காந்திருக்கு. ஒடம்புல ஒரு சிக்கு இல்ல. யார் சீவி விட்டாங்களோ!"

கிர்ஸ்டனின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். டர்னிப் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரொம்ப சமத்து, லோரெட்டா. எங்கள யாரையும் தொட விடாது, பிரிட்டாவோட மட்டும் ஒட்டிக்கிச்சு. ஸ்கூல்லேருந்து வந்ததும் ரெண்டும் ஜன்னல்கிட்ட உக்காந்துக்கும். இருட்டுற வரைக்கும் அவ அசைய மாட்டா. ஒண்ணு சொல்லட்டுமா? முன்னாடியெல்லாம் தல சீவ விடாம கத்தித் தீர்த்துடுவா. இப்ப அவ முடியில சிக்கே விழறதில்ல. நான் சீப்பு எடுத்தே ரெண்டு வாரம் ஆச்சு."