தசை மாத்திரைக்குப் பத்தியம்

என் மைத்துனனுக்கு உயரம் உண்டு. வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். அகலம்தான் கிடையாது. முன்னால் நின்று பார்த்தாலும் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஒரே ஆள்தான். அப்படிப்பட்டவனுக்குப் போலீஸ் வேலை மேல் ஆசை வந்துவிட்டது. ஆள் எடுக்கிறார்கள் என்று முதல் தடவை திருநெல்வேலிக்குப் போனபோது, நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்த ஏட்டையா, "மூச்சை இழுலே" என்றாராம். இவன் கண் பிதுங்க இழுத்தான். அவர் டேப்பைப் பார்த்துவிட்டு, "இழுத்துட்டியா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டாராம்.

வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதுவும் தவறினால், தென்காசியில் நான் வேலை பார்த்த மளிகைக் கடையில் என் பக்கத்தில் நின்று பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். "பொட்டலம் மடிக்கவாலே உன்னைப் பெத்தேன்?" என்று மாமனார் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் கேட்பார், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. பக்கத்து ஊரான கடையநல்லூரில் தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். மைத்துனனோடு பள்ளியில் படித்த நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் அப்படிப் போய்விட்டு விடுமுறையில் வந்தான். போகும்போது இவனைப் போலத்தான் போனான். வரும்போது சட்டைக் கைக்குள் புஜம் அடங்கவில்லை. கையில் ஒரு மாத்திரை டப்பா. டப்பா மேல் சட்டை போடாத வெள்ளைக்காரன் ஒருவன், உடம்பெல்லாம் பலாச்சுளையைப் பதித்து வைத்தது மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"அங்கன ஜிம்முல எல்லாரும் இதைத்தான் போடுதாவ. எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு உனக்கு" என்றான் நண்பன்.

என் மாமியார் டப்பாவைத் தொடவில்லை. சைவ வீடு. "இதை எதுல எடுக்காவ?"

"பால்ல எடுத்ததுதான் பெரியம்மா. உங்க வீட்டுக்குன்னு கேட்டுத்தான் கொண்டாந்தேன்."

என் இங்கிலீஷ், பொட்டலம் மடித்த பழைய பத்திரிகைத் தாள்களில் படித்த இங்கிலீஷ். அதை நம்பி டப்பாவை என்னிடம் நீட்டினார்கள். எழுத்துக் கூட்டி 'அமினோ ஆசிட்' என்று வாசித்தேன்.

"ஆசிடா? பேட்டரியில ஊத்துவாவளே, அதுவா மாப்பிள்ளை?"

"இது வேற அத்தை. உடம்புக்குள்ளயே இருக்கிறதுதான். நல்ல சாப்பாட்டோட சேத்துச் சாப்பிடணும்னு போட்டிருக்கு."

"நல்ல சாப்பாடுன்னா?"

"பாலு, பருப்பு, முட்டை…"

"நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார். "வெள்ளைக்காரன் மருந்து கண்டுபிடிப்பான். பத்தியம் அவனுக்கு எங்க தெரியும்?"

அந்த வீட்டில் இருமல் மருந்துக்குப் பத்தியம் உண்டு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் அதற்கும் பத்தியம். பத்தியம் இல்லாமல் சாப்பிடுவது மருந்தே இல்லை, மிட்டாய். அப்படியிருக்க, கடல் தாண்டி வந்த மருந்தைச் சும்மா விழுங்க விடுவாரா? மறுநாளே சட்டம் அமலுக்கு வந்தது. பருப்பு வாயு, கூடாது. தயிர் குளிர்ச்சி, கூடாது. நிலக்கடலை பித்தம். பால் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். புளியும் எண்ணெயும் பேச்சுக்கே இடமில்லை. குழையவிட்ட சோறு, பருப்பில்லாத மிளகு ரசம், சுட்ட அப்பளம், சுண்டைக்காய் வற்றல். வேளைக்கு இரண்டு மாத்திரை. எந்தெந்தச் சாப்பாட்டில் உடம்பு தேறுமோ அவ்வளவையும் அடுப்பங்கரையை விட்டு விரட்டிவிட்டு, உடம்பு தேறுவதற்கு மாத்திரை கொடுத்த வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவனும் மறுக்கவில்லை. டப்பாவில் நின்ற ஆளைப் பார்க்கிறவனுக்கு அப்பளம் பெரிதாகத் தெரியுமா? காலையில் எழுந்து, சட்டையைக் கழற்றி, கண்ணாடி முன்னால் நிற்பான். "அத்தான், தோள்ல ஏதோ தெரியுதுல்லா?" என்பான். தெரிந்தது. எலும்பு.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. மைத்துனனும் அவன் கூட்டாளிகளும் ஓட்டப் பயிற்சிக்கென்று விடியலில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடுவார்கள். மற்றவர்கள் ஓடிய வேகத்தில் பேரருவிக்குள் நுழைந்துவிடுவார்கள். இவன் மட்டும் ஓரமாக நிற்பான். அருவித் தண்ணீர் மருந்தை முறித்துவிடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எங்கெங்கேயோ இருந்து வேன் பிடித்து வந்து ஜனம் முட்டி மோதிக் குளிக்கிற இடத்தில், உள்ளூர்க்காரன் மேலே தூவானம் படாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பதும், வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளிப்பதும் எங்கே நடக்கும்? எங்கள் வீட்டில் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சைக்கிளில் கூடப் போயிருந்தேன். ஓடி வந்து நின்றவன், "அத்தான், அருவி என்ன ரெண்டா விழுது" என்றான். சொல்லிவிட்டுச் சரிந்தான். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கி நிமிர்த்தினார். "என்னவே, ஆளைத் தூக்குனா சட்டையைத் தூக்குன மாதிரி இருக்கு. வீட்டுல சோறு போடுதியளா, இல்லியா?" என்று என்னிடம் கேட்டார்.

வழக்கமாக மாமனாரைப் பார்க்கும் டாக்டரிடமே கொண்டு போனோம். மாமியார் டப்பாவோடு வந்தார், மாமனார் வெற்றிலைச் செல்லத்தோடு வந்தார். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பத்தியத்தை முழுசாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

"இது விஷம் இல்லம்மா. ஆபரேஷன் பண்ணிக் கிடக்கவன், தீக்காயம் பட்டவன், வாயால சரியாத் திங்க முடியாதவனுக்கு இந்தச் சரக்கை நாங்களே கொடுக்கோம். நல்லாத் தின்னு பாரம் தூக்குறவனுக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனா பருப்பையும் பாலையும் தின்னா வயிறு அதை உடைச்சு இதைத்தான் எடுக்கு. நீங்க பருப்பை நிறுத்திட்டு இதைக் கொடுத்திருக்கீங்க. வயித்துல சோறு இல்லைன்னா உடம்பு இதையும் எரிச்சிரும், சதையையும் எரிச்சிரும். வீடு கட்ட வாங்கின தேக்கை வெந்நீர் போட எரிச்ச மாதிரி."

மாமியார் டப்பாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. இதுல மிஞ்சுற கழிவையெல்லாம் கிட்னிதான் வடிக்கணும். கிட்னி சரியில்லாதவங்க இந்தப் பக்கமே வரப்பிடாது. பெரியவருக்கு ஏற்கெனவே அது சரியில்ல, அவருக்குக் கொடுத்துராதீங்க."

மாமனார் மெதுவாகச் செல்லத்தைத் திறந்தார். களிப்பாக்குக்கு நடுவில் நாலைந்து மாத்திரை கிடந்தது.

"முட்டுவலிக்குக் கேக்கும்னு…" என்றார்.

டாக்டர் குனிந்து அவர் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பாமல் அப்படியே நின்றது.

மாமனாருக்கு மாத்திரையோடு உப்பும் நின்றது. கால் வீக்கம் மெல்ல வடிந்தது. மைத்துனனுக்குக் கடையிலிருந்து நானே துவரம்பருப்பும் கடலையும் சுமந்தேன். மாமியார் வேகவைத்துப் போட்டார், ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பெருமூச்சோடு. ஆனால் போன சதை போன வேகத்தில் திரும்புமா? ஆள் எடுக்கிற நாள் வந்துவிட்டது. ஓட்டத்தில் தேறினான், கயிறு ஏறினான். நெஞ்சளவுக்கு வந்தபோது, இழுத்த மூச்சுக்கும் இழுக்காத மூச்சுக்கும் நடுவில் ஒரு விரற்கடை குறைந்துபோனது.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். இறங்கினான். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறப்பிய அத்தான்?" என்றான்.

மாமியாரின் கணக்கு வேறு. துக்கம் கேட்பது போல வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "மருந்து நல்ல மருந்துதான். நடுவுல டாக்டர் பேச்சைக் கேட்டுப் பத்தியத்தை முறிச்சுட்டோம், அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல்லுக்குத் தெருவில் நல்ல மதிப்பு இருந்தது. மைத்துனன் கடைக்கு வந்த சில மாதத்தில், பக்கத்துத் தெரு ஆச்சி ஒருத்தி பை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் பேரனுக்கும் வளைகுடாவிலிருந்து ஒரு டப்பா வந்திருந்ததாம். மைத்துனன் ஒன்றும் கேட்காமல் ஒரு கிலோ துவரம்பருப்பை நிறுத்து அவள் பையில் போட்டான்.

"ஏ ஐயா, பருப்பு எதுக்கு? சேக்கவே பிடாதுன்னு உங்கம்மால்லா சொன்னா?"

"பருப்புதான் ஆச்சி கொடுக்கணும். நான் பட்டுட்டுச் சொல்லுதேன்."

ஆச்சி அவனை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்த்தாள். பருப்பை எடுத்துத் தராசுத் தட்டில் திரும்பக் கொட்டினாள்.

"பத்தியத்தை முறிச்சவன் பேச்சைக் கேக்கவா நான் வந்தேன்? சுண்டைக்காய் வத்தல் இருந்தா நூறு கிராம் போடு."

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன். அவன் வற்றலை நிறுத்துக் கட்டிக் கொடுத்தான்.