ஹாரன் அடித்தால் நிற்கும் வண்டி

அரபு நாட்டில், முவைலா என்ற இடத்தில் நான் வேலை பார்த்த குரோசரிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் காரை விட்டு இறங்க மாட்டார்கள். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். கடையிலிருந்து ஒருவன் ஓடிப்போய், கார்க் கண்ணாடி ஓரம் குனிந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, திரும்பி ஓடிவந்து, எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓட வேண்டும். அந்த ஒருவன் நான்தான். பெயர் கார்மேகம், ஊர் முதுகுளத்தூர் பக்கம். நாலு வருஷமாக அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் முதலாளி கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரர். இன்னொருவர் கடை மூலையில் டீ போடும் அம்மையப்பன் அண்ணன். மற்ற எல்லோருக்கும் நான் ரஃபீக், அதாவது அரபியில் தோழன், பெயர் தெரியாத வேலையாளைக் கூப்பிடும் பெயர்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். தன்னடக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். ஹாரன் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். நீளமாக ஒன்று அடித்தால் சிகரெட் வாங்கும் எகிப்துக்காரர். சின்னதாக இரண்டு என்றால் டீயும் போன் கார்டும். விடாமல் அடித்தால் அவசரம் என்று அர்த்தமில்லை, அந்த ஆளுக்கு வீட்டில் சண்டை என்று அர்த்தம். தூக்கத்தில் ஹாரன் கேட்டால்கூடக் கட்டிலை விட்டு இறங்கி நின்றிருக்கிறேன். ஆடிக்கொரு தடவை பாராட்டும் கிடைக்கும். ஆகஸ்ட் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கும், உள்ளே இருக்கும் குளிர் முகத்தில் அடிக்கும், மறுபடி ஏறிவிடும். அவ்வளவுதான் எனக்கு ஏசி.

எனக்கு அது பிடிக்கவில்லை. சும்மா பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது, மனசு கொதித்தது. முப்பத்து நாலு வயசு ஆள், ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சத்தம் கேட்டதும் ஓடுவதா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நினைத்துக்கொண்டே ஓடுவேன்.

அதனால்தான் 2007-இல் முதலாளி டெலிவரிக்கு மோட்டார் பைக் எடுக்கப்போவதாகச் சொன்னதும், அவர் வாய் மூடுவதற்குள் நான் சொன்னேன்.

"நான் ஓட்டுவேன் மொதலாளி."

"ஓட்டத் தெரியுமாப்பா உனக்கு?"

"ஊருல ஓட்டாத வண்டியா."

ஊரில் நான் ஓட்டியது என் மாமனாரின் சைக்கிள். அதிலும் கேரியரில் யாராவது உட்கார்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

லைசென்ஸ் எடுக்க மூன்று டெஸ்ட் ஆனது. முதல் டெஸ்டில் வரிசையாக வைத்திருந்த கோன்களில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தட்டினேன். இரண்டாவதில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்தது, நான் நின்று, காலை ஊன்றி, திரும்பிப் பார்த்தேன். டெஸ்ட் எடுத்தவர் தாளில் எழுதிவிட்டு கலாஸ், முடிந்தது, என்றார். அந்த மனுஷனுக்கு என்மேல் ஏதோ காழ்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது டெஸ்டில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை, பாஸாகிவிட்டேன்.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்தது. சிவப்பு நிறம், சீட்டில் பிளாஸ்டிக் உறை, பின்னால் கடைப் பெயர் எழுதிய பெட்டி. முதலாளி பிஸ்மில்லா சொல்லி சாவியைக் கொடுத்தார். அம்மையப்பன் அண்ணன் காய்கறிக் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் டயருக்கு அடியில் வைத்தார். நான் கிளட்சை விட்ட விதத்தில் வண்டி துள்ளி, பழத்துக்குப் பக்கத்தால் போய், ஐஸ் பெட்டியில் முட்டி நின்றது. பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி அதைத் துடைத்து மறுபடியும் கூடையில் போட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார். "ஒரு வாரம் பாக்குறேன். வர்ற வியாழக்கிழம நானே பின்னால வந்து பாப்பேன். சரிப்படலேன்னா லைசென்ஸ் உள்ள வேற ஆள வண்டிக்கு வச்சுக்கிறேன். நீ பழையபடி வாசல பாத்துக்க."

"அதுவரைக்கும் வாசலுக்கு யாரு?" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கிறேம்ப்பா. டீயும் போட்டுக்கிறேன். நீ போ," என்றார் அம்மையப்பன் அண்ணன்.

சனிக்கிழமை காலை முதல் ஆர்டர். யுனிவர்சிட்டி பக்கம் ஓர் ஆபீஸுக்குப் பால், ரொட்டி, தண்ணீர் பாட்டில். ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வலது பக்கம், வலது பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன், ஊர் ஞாபகத்தில் இடது பக்கம் ஒதுங்கிவிடக் கூடாது என்று. இரண்டாவது கியரிலேயே வந்ததால் வண்டி கதறியது. ஆனாலும் சிக்னல் வரைக்கும் தப்பில்லாமல் வந்துவிட்டேன். ராஜாவைப் போல நின்றேன். பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து ஹாரன் வந்தது. சின்னதாக இரண்டு.

என் மூளை என்ன சொல்கிறது என்று கேட்க உடம்பு காத்திருக்கவில்லை. ஸ்டாண்டைப் போட்டேன், இறங்கினேன், பின்னால் இருந்த வெள்ளைக் காருக்கு ஓடினேன், கண்ணாடி ஓரம் குனிந்தேன். தலையில் ஹெல்மெட் இருப்பது நினைவில்லை, அது கண்ணாடியில் போய் டொக்கென்று இடித்தது. உள்ளே இருந்தவர் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர். கண்ணாடியை இறக்கினார்.

"யெஸ் பாய், க்யா சாஹியே?" என்று, என்ன வேண்டும் என்பதை இந்தியில் கேட்டேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டார். கையால் சிக்னலைக் காட்டினார். அதற்குள் அவருக்குப் பின்னால் இருந்த ஐந்தாறு வண்டிகளும் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இத்தனை பேரில் முதலில் யாரிடம் ஆர்டர் எடுப்பது என்று ஒரு நொடி தடுமாறினேன்.

அன்றைக்கு மட்டும் நாலு தடவை நின்றேன். ஒரு தடவை ரவுண்டானாவுக்கு நடுவில். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்டால் பத்து வரைக்கும் எண்ணுவது என்று முடிவு செய்தேன். ஏழு எண்ணுவதற்குள் நின்றிருந்தேன். திங்கட்கிழமை காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். என் வண்டிச் சத்தமே கேட்காமல், எந்த கியரில் போகிறேன் என்று தெரியாமல், ஒரு கட்டடத்தின் மணல் குவியலுக்குள் போய் அடக்கமாக நின்றேன். அங்கே வேலை பார்த்த இரண்டு பேர் என்னைத் தூக்கிவிட்டு, வண்டியையும் தூக்கிவிட்டு, யல்லா யல்லா என்று அனுப்பிவைத்தார்கள். ஆர்டர் எல்லாம் தாமதம். முதலாளி காலண்டரில் வியாழக்கிழமையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

ஊருக்குப் போன் பேசியபோது என் மனைவி நளினி கேட்டாள்.

"என்னங்க, வண்டி நல்லா ஓடுதா?"

"வண்டி ஓடுது. நாந்தான் நிக்கிறேன்."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று தெரியும், இவ்வளவு சிரிப்பாள் என்று தெரியாது. போன் கார்டில் இருந்த நிமிஷங்களில் பாதியைச் சிரித்தே தீர்த்தாள்.

"இங்க இருக்கையில நான் அடுப்படியில இருந்து பத்துத் தடவ கூப்புட்டாலும் திரும்ப மாட்டீங்க. அங்கன எவனோ பொத்தானை அமுக்குனா ஓடுறீகளாக்கும்."

"சிரிக்காத. வியாழக்கிழமை சரியா ஓட்டலேன்னா மறுபடியும் வாசலுக்குத்தான்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப திரும்பாதீங்க," என்றாள். "யாரு அடிச்சாலும் சரி. நாந்தான் கூப்புடுறேன்னு நெனச்சுக்கங்க."

நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல யோசனை அதுதான். செவ்வாய்க்கிழமை ஹாரன் கேட்டபோதெல்லாம், ஏங்க அரிசி வாங்கியாங்க, ஏங்க பிள்ளையப் பிடிங்க என்று அவள் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டேன். கழுத்து தானாக விறைத்தது. அன்றைக்கு இரண்டு தடவைதான் நின்றேன். புதன்கிழமை ஒரு தடவை, அதுவும் அது போலீஸ் வண்டி.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கடைக்கு வாடிக்கையான அருணா டீச்சர் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். முட்டை ஓர் அட்டை, வெங்காயம், தயிர், குபூஸ் ரொட்டி, துணி சோப்பு, அஞ்சு கிலோ அரிசி. பெட்டியில் அடுக்கி மூடினேன். முதலாளி பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டார்.

"போ. பின்னால வர்றேன்."

கிளம்பிய விதம் எனக்கே பிடித்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வெண்ணெயாக விழுந்தது. சிக்னலில் பச்சை விழுந்த கையோடு எடுத்தேன். முதல் வேகத்தடையைத் தாண்டியதும் பின்னால் ஹாரன் கேட்டது. முதலாளி வண்டி ஹாரன். அதை எனக்குத் தெரியாதா? கழுத்து திரும்பப் பார்த்தது, நளினியை நினைத்தேன், திரும்பவில்லை.

மறுபடியும் அடித்தார். சோதிக்கிறார் என்று புரிந்தது. மனுஷன் கெட்டிக்காரர், பரீட்சையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து வைக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன். இரண்டாவது வேகத்தடை. நீளமாக ஒரு ஹாரன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மூன்றாவது வேகத்தடைக்குப் பிறகு அவர் ஹாரனில் கையை வைத்தே எடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடிங்க மொதலாளி, இன்னைக்கு இந்தக் கார்மேகம் திரும்ப மாட்டான் என்று ஹெல்மெட்டுக்குள் சொன்னேன். அதன் பிறகு சத்தமே இல்லை. தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

டீச்சர் வீட்டுக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி இறங்கினேன். பெட்டியின் மூடி மல்லாந்து கிடந்தது. கொக்கியைப் பூட்டியிருந்தால்தானே? உள்ளே அரிசிப் பை இருந்தது. ஒரே ஒரு வெங்காயம் இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிக்கப்பை விட்டு இறங்கும்போது இரண்டு கையும் நிறைய, குபூஸ் பாக்கெட்டும் தயிர் டப்பாவும் சோப்பும். சட்டைப் பையில்கூட வெங்காயம். அந்த வெயிலில், அந்த வயசில், ரோட்டில் குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறார். நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினார்.

"ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு மொதலாளி."

"கேட்டுமா நிக்கல?"

"நின்னா வாசலுக்கு அனுப்பிருவீகளேன்னு…"

அவர் கையில் இருந்ததையெல்லாம் பெட்டியில் வைத்தார். பைக்குள் இருந்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரித்து, இருமி, பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முட்டைய மட்டும் அள்ள முடியலப்பா," என்றார். "டீச்சருக்கு நான் சொல்லிக்கிறேன். வண்டிய நீயே வச்சுக்க. நல்லாத்தான் ஓட்டுற. அந்தக் கொக்கியப் பூட்டப் பழகு."

கடைக்குத் திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. காற்றில் வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இனி எவன் அடித்தாலும் ஓட வேண்டியதில்லை. நளினிக்கு என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை கோத்துக்கொண்டே வந்தேன்.

மத்தியான நேரம், கடை வாசலில் மூன்று கார்கள் நின்றன. பைக்கை ஓரம் விட இடமில்லை. டீச்சருக்கு வேறு முட்டை கொண்டுபோக வேண்டும். இதற்காக இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே போய் வருவதா என்று இருந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்தபடியே ஹாரனை அழுத்தினேன். சின்னதாக இரண்டு.

உள்ளேயிருந்து அம்மையப்பன் அண்ணன் ஓடிவந்தார். கையில் டீ வடிகட்டி. ஒரு காலை இழுத்துக்கொண்டு, கார்களுக்கு நடுவில் புகுந்து, யெஸ் பாய், யெஸ் பாய் என்று சொல்லிக்கொண்டே வந்து, பழக்கத்தில் குனிந்தும்விட்டார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயாப்பா," என்றார். கோபமில்லை, கிண்டலுமில்லை. "சொல்லு, என்ன வேணும்?"

இன்ஜினை அணைத்தேன். ஒண்ணுமில்லண்ணே, நானே எடுத்துக்கிறேன் என்று சொல்வதற்குள் பக்கத்துக் கார் ஹாரன் அடித்தது, அவர் திரும்பி ஓடினார். ஐம்பத்தாறு வயசு அவருக்கு. நாலு வருஷமாக ஒரே ரூமில் படுக்கிறோம், அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு வாரமாக எனக்காக அவர் ஓடிக்கொண்டிருந்தார், அவர் ஓடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.