கிழங்குக்கு ஒரு கிராப்பு

ராசிபுரம் தாண்டி, கொல்லிமலை நன்றாகத் தெரிகிற ஓர் இடத்தில் டயர் பஞ்சராகி எங்கள் பஸ் நிற்கிறது. டயர் மாற்றுவதற்குள் சவரம் செய்துகொள்ளலாம் என்று எதிரே இருக்கும் சலூனில் உட்கார்கிறேன். வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கடைக்காரர் கூட்டித் தள்ளும் முடியைக் கூச்சமில்லாமல் சாக்கில் அள்ளுகிறாள்.

"இது எதுக்குங்க?"

"காட்டுப்பன்னிக்குங்க. மலையிலிருந்து எறங்கி வந்து குச்சிக்கிழங்கைத் தோண்டிப்போடுது. மண்ணை மோந்துக்கிட்டேதான் வரும். வரப்பைச் சுத்தி முடியைத் தூவிட்டா மூக்குல ஏறிக்கும், திரும்பி ஓடிரும். மழை பெஞ்சா மறுபடியும் தூவோணும். பாதிக் கிழங்கு போயிருச்சுங்க. மிச்சத்துல ஒண்ணு குடுக்க மாட்டேன்."

சாக்கில் கால்வாசிகூட நிறையவில்லை. கடைக்காரர் சலித்துக்கொள்கிறார்: "இப்ப எல்லாரும் காதை மூடிக் கிராப்பு வெச்சுக்கறாங்க. முடிக்கு நான் எங்க போறது?"

அவள் பார்வை என் தலைமேல் வந்து நிற்கிறது. என் காதும் மூடித்தான் இருக்கிறது.

"ஒட்ட வெட்டிவிடுங்க" என்கிறேன்.

வலப்பக்கம் முடியும்போது பஸ் ஹாரன் அடிக்கிறது. பதறி எழுகிறேன்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சாக்கோடு ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

"சித்த இருங்க டிரைவரண்ணா. அவருக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்குது!"