மெசினைப் பிடிக்க ஒரு கை

கனடாவில், மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் நூலால் புருவம் எடுத்த முதல் தமிழ்ப் பெண் நான்தான். வேறு யாராவது அது தாங்கள் என்று சொன்னால், எந்த வருசம் என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை ஒருநாளும் மறைத்ததில்லை. பிரெஞ்சில் எனக்கு பொன்ஜூர் தெரியும், மெர்சி தெரியும், நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் பியர்பொன்ட்ஸில், பாலும் லொத்தர் சீட்டும் விற்கிற டெப்பனருக்கும் ஒரு சலவைக் கடைக்கும் நடுவில் பார்லர் திறந்தேன். பட்டம் பெற்றவர்கள் சிலர் அதே வரிசையில் கடை திறந்து மூடினார்கள். ஆர் எவர் என்று சொல்ல விரும்பவில்லை.

முன்னுக்கு மூன்று கதிரை. தலைமயிரும் புருவமும் என் பொறுப்பு. பின்னறையில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால், ஒரு கட்டில். அது அக்காவின் இடம். அக்கா என்றால் கூடப்பிறந்தவ இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவ, கடை திறந்த முதல் கிழமையிலிருந்து என்னோடு நின்றவ. எண்ணெய் போட்டுக் கால், தோள், முதுகு பிடித்துவிடுவா. டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடி சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற எங்கள் பெண்கள் வேலை முடிந்து பஸ் ஏறி வந்து அந்தக் கட்டிலில் விழுவார்கள். எழும்பும்போது எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "அக்காவின்ர கை எண்டால் கைதான்."

அந்தக் கையைக் கண்டுபிடித்து வேலைக்கு வைத்தது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில், பனி கொட்டுகிற ஒரு மாரிகாலம். கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்த தாய்தகப்பனைக் கூப்பிட அக்கா ஸ்பொன்சர் கடதாசி போட்டிருந்தா. நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும். என் மகளைக் கொண்டு எழுதுவித்து நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து வடிவானது. வங்கி மனேஜரே சொல்லியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெசின் வந்தது.

முதலில் செய்தி கொண்டுவந்தவர் ஒரு பேராசிரியரின் மனைவி, சென்னைக்காரர்.

"நீங்க இன்னும் கையாலயே பிடிச்சிட்டிருக்கீங்களா? புவாண்ட்-கிளேர்ல அந்தப் பெரிய பார்லர்ல மெஷின் வந்துடுச்சுங்க. பிரான்ஸ்ல செஞ்சது. சதையை உறிஞ்சி உறிஞ்சி உருட்டுது. தொடையெல்லாம் இளைச்சிடுமாம்."

"உங்களுக்கு இளைச்சதோ?" என்று கேட்டேன்.

"மூணு தடவதானே போயிருக்கேன்."

மூன்று தடவை அங்கே போனார் என்றால், மூன்று தடவை என் கட்டிலுக்கு வரவில்லை. அன்று பின்னேரமே மெசின் விற்கிற இடத்துக்கு மகளைக் கொண்டு போன் எடுப்பித்தேன். யோசித்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் முடிவெடுத்துவிட்டு யோசிக்கிறவள். இவ்வளவு தூரம் வந்தது அப்படித்தான்.

பிரெஞ்சு பேசுகிற ஒரு கியூபெக்காரர் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார். சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் இரண்டு உருளை வைத்த ஒரு தலை. பதினைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும் என்றார். பிறகு நிறையப் பேசினார். அக்கா அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பு முடித்தவ. எனக்கு அந்த வகுப்புத் தேவைப்படவில்லை. ஆகவே அவதான் எனக்குச் சொன்னா.

"தோலை மேல இழுத்து உருட்டுமாம். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்."

"ஓம்."

"ஒரு கிழமையிலை ஆரும் பழகலாமாம்."

"ஓம்."

"இது இருந்தால் கையாலை பிடிக்கிற ஆள் தேவையில்லையாம்."

மற்ற இரண்டையும் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னா. பிறகு அந்த ஆளிடம் கோப்பி வேண்டுமோ என்று பிரெஞ்சில் கேட்டா.

அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. மெசினை நீங்கள்தான் பிடிக்கப்போறீங்கள். மெசினும் நிக்கும், நீங்களும் நிப்பீங்கள்."

"ஓம் தங்கச்சி" என்றா.

இதைவிடக் கெட்டித்தனமான முடிவை ஒரு மந்திரிகூட எடுத்திருக்க மாட்டார் என்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

முதல்நாள் முதல் வந்த பிள்ளை, சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையைக் கையில் பிடித்தபடி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"விடியவிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை அன்ரி."

"ஏன் பிள்ளை?"

"மெசின் எண்டு சொன்னீங்கள்."

டெப்பனரில் பணிஸ் வாங்கிக் கொடுத்துப் பிறகு படுக்கவைத்தோம். ரிப்போட் எப்போது வரும் என்றும் கேட்டாள்.

மெசினோடு மெல்லிய வெள்ளை உடுப்பும் தந்திருந்தார்கள், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும். அதை வெறும் உடம்பில் போடவேண்டும். எங்கள் பெண்கள் அதைப் பஞ்சாபிச் சட்டைக்கு மேலால் போட்டுக்கொண்டு வந்து படுத்தார்கள். ஒருவர் சேலையை மட்டும் கழற்றிவிட்டு, பாவாடைக்கு மேலால் போட்டார். நாடா வெளியே தொங்கியிருக்கிறது. உருளை அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். மெசின் எப்படி என்று கேட்டேன். இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார்.

ஆனால் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரப் பெண்கள் நான்கு பேர் வந்து, சொன்னபடி உடுத்து, சொன்னபடி படுத்து, அடுத்த மாதத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். மெசினை வாங்குவது என்று என் மனதில் உறுதியாகிவிட்டது.

ஒன்றுதான் சரிவரவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் பாதியில் அக்கா மெசின் தலையை என்னிடம் நீட்டினா.

"ஒருக்கா இதைப் பிடியும் தங்கச்சி. தேத்தண்ணி போட்டிட்டு வாறன்."

ஒரு நாளில் பதினொரு தேத்தண்ணி. ஆட்களை ஒரு பார்வையில் அளக்கிறவள் நான். அக்காவுக்கு மெசினில் எரிச்சல், அதைக் கெடுக்கப் பார்க்கிறா என்று கண்டுபிடித்தேன்.

ஒன்பதாம் நாள் மெசின் தலை அக்காவின் கையிலிருந்து நிலத்தில் விழுந்தது. நல்லகாலம், கட்டிலில் கிடந்தவரின் மேல் விழவில்லை. அவரை அனுப்பிவிட்டு வந்து கேட்டேன்.

"வேணுமெண்டு போட்டனீங்களோ?"

அக்கா வலதுபக்கச் சுவெற்றர் கையை மேலே இழுத்தா. மணிக்கட்டு வீங்கியிருந்தது. காப்பு இருந்த இடம் குழி விழுந்திருந்தது.

"எவ்வளவு காலமா?"

"போன மாரி துவங்கினது."

"அப்ப இவ்வளவு நாளும் ஆக்களுக்கு எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

அக்கா முழங்கையை மடக்கிக் காட்டினா.

"அவை குப்புறக் கிடக்கினம். ஆர் திரும்பிப் பாக்கிறது?"

டோர்வலில் வேலை செய்கிற பெண்களெல்லாம் ஒரு வருசமாகப் புகழ்ந்த கை, முழங்கை. நான் ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்.

"மெசினை முழங்கையாலை பிடிக்கேலாது. செய்து பாத்தனான்" என்றா.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவீரோ எண்டுதான். மெசினை வாங்கும் தங்கச்சி. அது நல்ல மெசின். அம்மாவும் அப்பாவும் வந்து இறங்குமட்டும் அந்தக் கடிதத்தை மட்டும் பொய்யாக்காதையும்."

நல்ல மறுமொழி ஒன்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். கடைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தேன். கடை திறந்து ஐந்து வருசத்தில் அந்தக் கட்டிலில் நான் படுத்ததில்லை.

"வலது காலுக்கு மெசின், இடது காலுக்கு முழங்கை" என்றேன்.

அக்கா மெசினை இடது கையால் பிடித்தா. வீட்டில் கம்பளத்துக்கு வாக்குவம் பிடிக்கும்போது கம்பளத்துக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மெசினுக்கு என் கால் எந்த இடத்தில் நோகிறது என்று தெரியாது. எல்லா இடத்துக்கும் ஒரே கவனம். பிறகு இடது காலில் முழங்கை வந்தது. கெண்டைக்காலில் ஒரு இடத்தில் நின்றது. "இஞ்சையோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

எழும்பியபோது ஒரு மணித்தியாலம் போயிருந்தது. இரண்டு பேர் பனிக்குள் நின்று கதவைத் தட்டிவிட்டுப் போனார்களாம். அதுவரைக்கும் நான் திருப்பி அனுப்பிய ஆட்கள் அந்த இரண்டு பேரும்தான்.

பதினைந்தாம் நாள் அந்தக் கியூபெக்காரர் சிரித்தபடி வந்தார்.

"மெசின் வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. எங்களிட்டை முழங்கை இருக்கெண்டும் சொல்லுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தா. பிறகு சொன்னா. அவர் அக்காவின் முழங்கையைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"முழங்கை களைக்குமாம்."

"மெசினும் கீழ விழுமெண்டு சொல்லுங்கோ."

அதை அக்கா மொழிபெயர்க்கவில்லை. அவர் மெசின் தலையிலிருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த நான்கு வெள்ளைக்காரப் பெண்களும் பேராசிரியரின் மனைவியும் புவாண்ட்-கிளேருக்கே போய்விட்டார்கள். திரும்பி வந்தார்கள் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். வரவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் அக்காவின் கட்டிலில் ஏற்றுவதில்லை என்று சட்டம் போட்டேன். மேற்குப் பக்கத்தில் முழங்கையால் பிடித்த முதல் பார்லரும் என்னுடையதுதான். அதை வெளியில் சொல்ல வழியில்லாமல் போனதுதான் கவலை.

கடிதம் பொய்யாகவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு தாய்தகப்பன் டோர்வலில் வந்து இறங்கினார்கள். பிளேனில் மணிக்கணக்காக இருந்து வந்ததில் தாய்க்குக் கால் வீங்கியிருந்தது. அந்தக் கிழமையே அக்கா அவவைக் கடைக்குக் கொண்டுவந்து கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் போட்டுப் பிடிக்கத் தொடங்கினா. நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

"என்னடி, முழங்கையாலையோ பிடிக்கிறாய்? கைக்கு என்ன நடந்தது?"

அப்போதே ஐந்து வருசம் இந்தத் தொழிலில் நின்று, ஆட்களை ஒரு பார்வையில் அளக்கிற எனக்கு அது தெரிய ஒரு வருசமும் ஒரு மெசினும் தேவைப்பட்டன. அந்தத் தாய்க்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படித்தவ என்று விசாரித்தேன்.

மூன்றாம் வகுப்பாம்.