ஐயா வாசிக்காத வசனம்

நேற்று மாலை மின்சாரம் நின்றுபோக, அண்ணர் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கராயனில் எங்கள் பழைய வீட்டில், மாலைச் செபத்துக்கு ஐயா கொளுத்தும் போத்தல் விளக்கும் இப்படித்தான் மணக்கும். பிள்ளைகள் பாயில் முழந்தாளிட்டிருப்போம். அம்மா குசினி வாசலோடு ஒதுங்கியிருப்பார். அம்மாவை அடித்த அதே கையால் ஐயா வேதாகமத்தைப் புரட்டுவார். மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற வசனத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். வீங்கிய வாயால் அம்மாதான் முதலில் ஆமென் சொல்வார்.

எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியபிறகுதான் அதற்கு அடுத்த வசனத்தைக் கண்டேன். கணவன் மனைவியை நேசிக்க வேண்டும், அவளிடம் கடுமை காட்டக்கூடாது என்றிருந்தது.

"அடுத்ததையும் வாசியுங்கோ ஐயா" என்றேன். அன்றைய செபம் என் கன்னத்தில் முடிந்தது.

இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டு அம்மா காவிக்கொண்டு ஓடிய அந்த வேதாகமம்தான் நேற்று அண்ணரின் கையில் இருந்தது. எதிரே அவருடைய மகள், என் மருமகள். கணவன் அடித்ததால் காலையில் வீட்டுக்கு வந்தவள். அண்ணர் அதே வசனத்தை வாசித்தார்.

"கேட்டியே பிள்ளை? வேதம் சொல்லுது. நாளைக்குத் திரும்பிப் போ."

"அடுத்ததையும் வாசியுங்கோ அண்ணை" என்றேன்.

"நீ பேசாமல் இரு."

ஐயாவைப் போலவே புத்தகத்தை மூடினார். மூடட்டும். எனக்கு அடுத்த வசனம் மனப்பாடம். மருமகளின் முகத்தைப் பார்த்து, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆமென்" என்றாள் அவள், வீங்கிய வாயால்.