உட்கொள்ளற்க

நம் மருத்துவர் குப்புசாமி இன்று விடியலில் இறந்துவிட்டார்.

செய்தி கொண்டுவந்தவரிடம் நான் கேட்டது ஒன்றே. துன்பப்பட்டாரா? இல்லையாம். உறங்கியபடியே... முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லையாம். அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டேன்.

மாலை இரங்கல் கூட்டத்தில் நான் பேசப்போவதில்லை, நண்பர்களே. மேடையேறினால் குரல் உயரும், சொல் பெருகும். ஆகவே இத்தாளை மன்றத்துப் பலகையில் ஒட்டுகிறேன். படிக்கத் தெரியாதோர்க்குப் படித்துச் சொல்லுங்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் அவருடைய மருத்துவமனை ஓர் ஓட்டு வீடு. அடுப்பின்மேல் எப்போதும் ஓர் ஏனம் கொதிக்கும். ஊசியும் கத்தரியும் அதில் வெந்த பின்னரே நம் உடலைத் தொடும்.

ஒருமுறை எனக்குக் கடுங்காய்ச்சல். சேந்தமங்கலத்தில் கூட்டம், வாசலில் வண்டி. "விரைந்து ஊசியைப் போடுங்கள், ஊரே காத்திருக்கிறது" என்றேன்.

"காத்திருக்கட்டுங்க புலவரே. அவங்களுக்கு ஊசி இல்லீங்களே" என்றார், ஏனத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. மருந்து வாங்குவோர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவர் கைக்குப் புட்டி போகாது.

போர் வந்தது. நஞ்சு மருந்துகளுக்கென்றே வந்துகொண்டிருந்த, தொட்டாலே தெரியும் வரிவரியான நீலப்புட்டிகள் நின்றுபோயின. குடிக்கும் மருந்தும் புண் கழுவும் நஞ்சும் மக்கள் கொண்டுவந்த ஒரே வகைப் புட்டிகளில் போயின.

"ஒவ்வொன்னுலயும் சீட்டு ஒட்டோணுங்க. நீங்க எழுதித் தாங்க" என்றார்.

எழுதினேன். ஒரு சொல்லிலும் பிறமொழிக் கலப்பில்லை என்ற செருக்கோடு எழுதினேன். புண் கழுவும் கார்பாலிக் நீருக்கு நான் எழுதியது: ‘உட்கொள்ளற்க.’

மறுநாள் மலைமேல் வாழவந்தி நாட்டில் எனக்கொரு கூட்டம். அங்கே பொன்னாயி என்ற உழவர் பெண்மணிக்குக் காலில் ஆறாத புண். அச்சீட்டு ஒட்டிய முதல் புட்டியை மருத்துவர் என்னிடம் நீட்டினார்.

"இதக் குடுத்துருங்க. அந்தம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க, சொல்லிக் காட்டுங்க பாக்கலாம்."

"எனக்கே பாடமா? சீட்டில் தமிழ் இருக்கிறது. அது போதும்" என்றேன். அன்று மட்டும் அவர் தம் வழக்கத்தை விட்டுக்கொடுத்தார். எனக்காக.

புட்டியைக் கொடுத்தேன், கூட்டத்தில் முழங்கினேன், இறங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் அமர்ந்திருந்தேன். மலையிலிருந்து வந்த சடையன் என்பவர் அதே மருந்தை வாங்கிக்கொண்டு, சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

"உள்ளுக்குக் கொள்ளறக்குன்னு போட்டிருக்குதுங்க. எத்தன கரண்டிங்க, சாமி?"

நான் எழுதியது, கொள்ளாதீர் என்று. அவர் படித்தது, கொள்வதற்கு என்று. குடிக்கறக்கு, திங்கறக்கு, போறக்கு... நாள்தோறும் என் காதில் விழும் பேச்சுத்தான். சீட்டு எழுதும்போது அது என் காதில் விழவில்லை.

மருத்துவர் புட்டியைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். "பொன்னாயி" என்றார். செருப்பை மாட்டினார்.

அவருக்கு மூட்டுவலி. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நின்று நின்று ஏறினார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எதிரே இறங்கி வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். மேலே ஏதேனும் சாவு உண்டா என்று கேட்கும் துணிவில்லை.

பொன்னாயி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணியக் குடிச்சீங்களா?" மருத்துவருக்கு மூச்சிரைத்தது.

"இல்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரரு படிச்சுப்போட்டு, உள்ளுக்குக் கொள்ளறக்குன்னாருங்க. எத்தன கரண்டின்னு ஆருக்குந் தெரியல. இந்த ஐயா பொழுது சாயற வரைக்கும் பேசினாரு, அத மட்டும் சொல்லாம போயிட்டாருங்க. சந்தைக்குப் போறவங்ககிட்டக் கேட்டனுப்பலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

மருத்துவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் உட்கார்ந்தேன்.

"சீட்டு தப்புங்கம்மா. என் தப்பு. இது குடிக்கறதில்ல, புண்ணக் கழுவறது. இப்ப நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

பொன்னாயி சொன்னார். இன்னொருமுறையும் சொல்ல வைத்தார் மருத்துவர்.

என் தப்பு என்றார் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கும் என் வாய்... திறக்கவில்லை.

இறங்கும்போது, "வேற சீட்டு எழுதோணுங்க புலவரே. பொன்னாயி எப்படிச் சொல்லுவாங்களோ அப்படி எழுதிப்போடுங்க" என்றார். அன்றே எழுதினேன். ‘இதக் குடிக்காதீங்க.’ என் கையால் நான் எழுதிய முதல் கொச்சை.

அதன்பின் இறுதிவரை, அவர் கொடுத்த புட்டியால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. இன்று காலையிலிருந்து நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முதல் சீட்டை யார் எழுதியது என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

எழுதியவன் நான், நண்பர்களே. சொல்லிவிட்டேன்... உடம்பு இலேசாக இருக்கிறது.

நாளைக் காலை அடக்கம். பொன்னாயி மலையிறங்கி வருகிறாராம். அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

அமைதியாகப் போங்கள், மருத்துவரே.