கறுப்புக் கொடியில் கட்டிய படகு

1. தொப்பி

ரமேஷ் சாரின் படகில் எனக்கு அது முதல் நாள். விடிகாலை ஐந்து மணிக்கே புனே வாகட்டில் அவருடைய அபார்ட்மெண்ட் வாசலில் போய் நின்றேன். லிஃப்டிலிருந்து இறங்கி வந்தவர் தலையில் வெள்ளைத் தொப்பி. அதில் தங்க நூலால் 'கேப்டன்' என்று போட்டிருந்தது. கடலோரத்தில் அலிபாக் பக்கத்து ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, அங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போக வேண்டும். மனுஷர் அத்தனை தூரமும் தொப்பியைக் கழற்றவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குப் புனே வந்தவர். நான் ராணுவப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் படகு மோட்டார் மெக்கானிக். ரிட்டயர் ஆன பிறகு விஷ்ராந்த்வாடி வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், சனி ஞாயிறுகளில் தனியார் பாய்மரப் படகுகளில் ஹெல்ப்பராகப் போகிறேன். மோட்டாரைக் கிளப்புவது, கயிறு கட்டுவது, பாயை ஏற்றி இறக்குவது, யாராவது வாந்தி எடுத்தால் வாளி நீட்டுவது எல்லாம் என் வேலை. படகைத் திருப்பும் கட்டைக்கு டில்லர் என்று பெயர். அது மட்டும் என் கைக்கு வராது. அது படகு வாங்கியவரின் உரிமை.

ரமேஷ் சார் கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், வயது நாற்பத்திரண்டு. படகு பழகி எட்டே மாதம் ஆகியிருந்தது. அதற்குள் சொந்தப் படகு. எனக்குச் சொந்தமாக ஒரு துடுப்புகூடக் கிடையாது. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

2. வாரக் கடைசி கேப்டன்கள்

இவர்களுடைய பழக்கவழக்கங்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று போனில் பார்ப்பார்கள். அதே காற்று அவர்கள் மூக்கில்தான் அடித்துக்கொண்டிருக்கும். ஜெட்டியில் உரசாமலிருக்கப் படகின் பக்கவாட்டில் ரப்பர் பலூன்கள் தொங்கவிடுவோம். கிளம்பியதும் அதை உள்ளே எடுக்க வேண்டும். ஒருவரும் எடுப்பதில்லை. நாள் முழுக்கப் பிறந்தநாள் வீடு மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள்.

ரேடியோவில் பதினாறாம் சேனல் ஆபத்துக்கு உதவி கேட்பதற்கானது. ஒரு கேப்டன் அதில், "வடாபாவ் வாங்கியாச்சா, பச்சை மிளகாய் எக்ஸ்ட்ரா சொன்னியா?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

ரமேஷ் சாரின் வியாதி வேறு. அவர் படகு பழகியது கடக்வாஸ்லா ஏரியில். வலப்பக்கக் காற்றில் போகும் பாய்மரப் படகுக்கு மற்றப் பாய்மரப் படகுகள் வழிவிட வேண்டும் என்று அங்கே பாடம். "ஸ்டார்போர்டு!" என்று, அதாவது வலப்பக்கக் காற்று எனக்கு என்று, கத்தினால் மற்றவன் விலகுவான். இந்தக் கடலிலோ மும்பை ஃபெர்ரி, ஸ்பீட் போட், மீன்பிடிப் படகு என்று எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். நூறு பேர் ஏறிய ஃபெர்ரியைப் பார்த்து இவர் எழுந்து நின்று, "ஸ்டார்போர்டு!" என்றார். ஃபெர்ரி ஓட்டுகிறவர் பான் துப்பிவிட்டு நேராக வந்தார். நான் பாயைத் தளர்த்திப் படகின் வேகத்தைக் குறைத்ததால் தப்பினோம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கதைகதையாகச் சொன்னபோது என் மனைவி செல்வி கேட்டாள்: "நீங்க அவங்கள திட்டுறீங்களா, இல்ல பொறாமப்படுறீங்களா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

3. கொடி

மே மாதம் ஒரு சனிக்கிழமை. ரமேஷ் சாரின் நண்பர்கள் நாலு பேர் ஜெட்டியில் காத்திருந்தார்கள். அவர் வேகத்தைக் குறைக்காமல் படகைக் கொண்டுவந்தார். நான் முன்னால் ஓடி, காலை ஜெட்டியில் கொடுத்துத் தள்ளி நிறுத்தினேன். முட்டி விண்ணென்று தெறித்தது. நண்பர்கள் கைதட்டி, "கேப்டன்! கேப்டன்!" என்றார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் வைத்தார். என் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய், மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்த இடம் தேடினோம். தண்ணீரில் ஒரு தெர்மாகோல் மிதவை, அதில் மூங்கில் குச்சி, குச்சியில் கறுப்புத் துணி. அந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது மீன்வலையின் அடையாளம் என்று.

"யாரோ படகு கட்டக் கொடியெல்லாம் போட்டு வெச்சிருக்காங்ணா. இதுலயே கட்டிருங்க," என்றார் ரமேஷ் சார்.

'சார், அது வலை' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. இன்றைக்கு இந்தக் கேப்டன் நண்பர்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். குனிந்து நானே கட்டினேன். முடிச்சும் நல்ல முடிச்சு.

அவர் முதல் தட்டுப் புளியோதரையை என் கையில் கொடுத்தார். "அண்ணா, மழைக்கு முன்னாடி படகை ரேவ்தண்டா யார்டுல கரை ஏத்தணுமில்லைங்களா? நீங்களே தனியா ஓட்டிட்டுப் போயிருங்க. பாவம், டில்லரப் புடிக்கணும்னு உங்களுக்கும் ஆசை இருக்குமில்ல."

எத்தனை வருட ஆசை அது! அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், 'தெரிஞ்சு ஏன் கட்டுனீங்க?' என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

கடல் வற்றத் தொடங்கி நீரோட்டம் மாறியது. படகு திரும்பி வலையை இழுத்தது. தூரத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு கூச்சலோடு வந்தது. அதன் தலைவரை அங்கே தாண்டேல் என்பார்கள். ரமேஷ் சார் பதறிப்போய் மோட்டாரைக் கிளப்பிவிட்டார். நான் எட்டி நிறுத்துவதற்குள் வலைக் கயிறு ப்ரொபெல்லரில் சுற்றி, பாதி வலை கிழிந்தது.

தாண்டேலுக்கு என்னைத் தெரியும். அவர் மோட்டாரை நான் ரிப்பேர் செய்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் மராட்டியில், "நீ படகுலயே இருந்தியே! உனக்குமா தெரியல?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் ரமேஷ் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் சொன்னார்: "இவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல. என் தப்பு."

நண்பர்களை அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் ஞாயிறு சாயங்காலம் வரை கரையில் உட்கார்ந்து வலையைப் பிடித்துக்கொடுத்தோம். தாண்டேலின் மனைவி தைத்தார். தைத்து முடிக்கும்வரை திட்டினார். திட்டெல்லாம் தொப்பிக்காரருக்கு.

4. காட் ரோட்டில்

திரும்பும்போது கோபோலி தாண்டி, காட் என்னும் மலைப்பாதையில் ஏறுகையில் சொல்லிவிட்டேன். "சார், நான் வேணாம்னு சொல்லவே இல்லையே."

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுங்ணா. அந்த ஆளு முன்னாடி உங்க பேரு கெட வேண்டாம்னு அப்படிச் சொன்னேன்."

அது இன்னும் சுட்டது. "எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் கட்டுனேன்."

கார் ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. "ஏனுங்ணா?"

"பொறாம சார்."

"என் மேலயா? எனக்கு அந்தப் படகுல என்னங்ணா தெரியும்?"

"அதனாலதான் சார்."

அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லாமலே என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். டில்லர் போயிற்று, வேலையும் போயிற்று என்றுதான் வீட்டில் சொன்னேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. "சனிக்கிழமை ரேவ்தண்டா போலாங்ணா. டில்லர் உங்க கையிலதான். ஆனா தனியா இல்ல, நானும் வர்றேன். கண்ணுல படறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிட்டே வரணும்."

முதல் தடவையாக டில்லர் என் கையில். ஆசைப்பட்ட தனிமையை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். "வலப்பக்கம் ஃபெர்ரி, சார்." "ஓகேங்ணா." "இடப்பக்கம் வலைக் கொடி மூணு, சார்." "ஓகேங்ணா." ஒரு மணி நேரம் இப்படியே போனது. பிறகு பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பாய்மரத்தடியில் சாய்ந்து, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படகில் யார்மேல் என்ன கோபம் இருந்தாலும், கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கோபம் வலைக்காரருக்குத் தெரியாது.

இத்தனை வருடத்தில் வேறொருவன் டில்லர் பிடித்த படகில் நான் கண்ணை மூடியதே இல்லை. இந்த மனுஷர், வேண்டுமென்றே தன்னை மாட்டிவிட்டவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார். அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

"முன்னால கொடி, சார்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வலையைச் சுற்றிக்கொண்டு போனேன்.